ஹண்ட்ரட் என்றால் என்ன? இடைக்கால இங்கிலாந்தின் ஊர்க்கூட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பழைய கிராமங்களைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கும்: ஹண்ட்ரட். எந்த ஆவணத்தைத் திறந்தாலும் கிராமத்தின் பெயருக்கு மேலே இன்ன ஹண்ட்ரட் என்று ஒரு தலைப்பு இருக்கும். நண்பர்களும் மாணவர்களும் அது என்ன என்று கேட்பார்கள். பல வருடங்களாக வெவ்வேறு வாய்களிலிருந்து ஒரே ஐயங்களைக் கேட்டுவிட்டதால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஹண்ட்ரட் என்றால் நூறுதானே? எதில் நூறு?

நூறேதான். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம், நூறு 'ஹைடு' நிலம் என்பது. ஒரு குடும்பம் உழுது பிழைக்கப் போதுமான நிலத்துக்கு ஹைடு என்று பெயர். பிற்காலத்தில் அதை 120 ஏக்கர் என்று கணக்கு வைத்தார்கள். ஆனால் தொடக்கத்திலிருந்தே ஹைடு என்பது நிலத்தை அளந்து பார்த்த அளவாக இருந்ததைவிட வரி போடுவதற்கான அலகாகவே அதிகம் இருந்தது. ஹைடுக்கு 2 ஷில்லிங் வரி என்று அரசர் அறிவித்தால், நூறு ஹைடு கொண்ட ஹண்ட்ரட் 200 ஷில்லிங், அதாவது 10 பவுண்டு கொடுக்க வேண்டும். முதலாம் வில்லியம் 1084ஆம் ஆண்டு ஹைடுக்கு 6 ஷில்லிங் கேட்டார். மூன்று மடங்கு. அந்தக் குளிர்காலத்தில் கிராமங்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

நிர்வாக அடுக்கில் இதன் இடம் எளிது. மேலே ஷயர், அதாவது மாவட்டம். அதன் தலைமையில் அரசரின் அதிகாரியான ஷெரிஃப். கீழே கிராமங்கள். இரண்டுக்கும் நடுவில் ஹண்ட்ரட்.

அப்படியென்றால் எல்லா ஹண்ட்ரடும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டுமே? வரைபடத்தில் அப்படி இல்லையே?

இல்லைதான். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், 10ஆம் நூற்றாண்டில் அரசர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்த இடங்களில், நூறு ஹைடு கணக்கு ஓரளவு ஒத்துவரும். கேம்பிரிட்ஜ்ஷயர் பதிவுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் 5 ஹைடு, 10 ஹைடு என்று முழு எண்களாக வருவதைப் பார்த்தால், மேலிருந்து ஒரு தொகையை விதித்து அதைக் கீழே பகிர்ந்தார்கள் என்பது கண்கூடு.

தெற்கே கதை வேறு. அங்கே பழைய அரச பண்ணைகளைச் சுற்றி ஏற்கெனவே இருந்த வட்டாரங்களுக்கே பிற்பாடு ஹண்ட்ரட் என்ற பெயர் வந்திருக்க வேண்டும். கென்ட் மாவட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஹண்ட்ரட்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஸ்டாஃபர்ட்ஷயர் முழுவதற்குமே ஐந்துதான்: கட்டில்ஸ்டன், ஆஃப்லோ, பைர்ஹில், செய்ஸ்டன், டாட்மன்ஸ்லோ. ஆகவே ஒரு ஹண்ட்ரடில் எத்தனை கிராமங்கள் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மாவட்டம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

இதை ஏற்படுத்திய அரசர் யார்? தேதி உண்டா?

ஒரு நாள், ஒரு அரசர் என்று சொல்ல முடியாது. 939 முதல் 946 வரை ஆண்ட எட்மண்டின் சட்டங்களில் ஹண்ட்ரட் பற்றிய குறிப்பு இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு சிறிய அரசாணை, ஹண்ட்ரட் எப்படி நடக்க வேண்டும் என்பதை விதிகளாகவே சொல்கிறது. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். ஒவ்வொருவனும் மற்றவனுக்கு நியாயம் செய்ய வேண்டும். திருடன் ஓடினால் எல்லோரும் துரத்த வேண்டும்.

ஹண்ட்ரடின் முடிவை மதிக்காமல் நடப்பவனுக்கு முதல்முறை 30 பென்னி அபராதம், இரண்டாம் முறை 60, மூன்றாம் முறை அரை பவுண்டு. நான்காம் முறை அவன் சொத்து முழுவதையும் இழந்து சட்டத்துக்குப் புறம்பானவன் ஆவான்.

அந்த ஆணையில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. மாட்டின் கழுத்து மணி, நாயின் கழுத்துப் பட்டை, ஊதுகொம்பு ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங் பெறும். ஒவ்வொன்றும் 'துப்புச் சொல்பவன்' என்று கருதப்படும். இருட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் திருடனை அந்த மணியே காட்டிக்கொடுக்கும். நாய் குரைக்கும். கொம்பு ஊர் முழுவதையும் எழுப்பும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிராமத்து இரவின் ஓசைகளை ஒரு சட்டப்பிரிவு அப்படியே வைத்திருக்கிறது.

கூட்டம் எங்கே நடந்தது? நீதிமன்றக் கட்டிடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

கட்டிடமே கிடையாது. வெட்டவெளிதான். ஒரு மரத்தடி, ஒரு பெரிய கல், ஒரு மண்மேடு, ஆற்றைக் கடக்கும் துறை, பாதைகள் சந்திக்கும் இடம். எல்லாக் கிராமத்தாரும் வந்து சேர வசதியான, எந்த ஒரு கிராமத்துக்கும் சொந்தமில்லாத இடமாகப் பல சமயம் தேர்ந்தெடுத்தார்கள். ஹண்ட்ரடின் பெயரே பெரும்பாலும் அந்த இடத்தின் பெயர்தான். லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸில் ஸ்பெல்தார்ன் என்றால் 'பேச்சு நடக்கும் முள்மரம்'. ஆசல்ஸ்டன் என்றால் ஆஸ்வுல்ஃப் என்பவரின் கல். நார்தாம்ப்டன்ஷயரின் ஸ்பெல்ஹோ 'பேச்சுமேடு'. யார்க்‌ஷயரின் ஸ்கைராக் 'ஷயர் ஓக் மரம்'. லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒரு முதிய ஓக் மரம் 1941 வரை நின்றிருந்தது.

மேடு ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் இடம் மில்டன் கீன்ஸ். 1960களில் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய புத்தம்புது நகரம் அது. அதன் மையத்தில், நூலகக் கட்டிடத்துக்குப் பின்னால், புல் மூடிய ஒரு தாழ்ந்த வட்ட மேடு இருக்கிறது. செக்லோ ஹண்ட்ரட் கூடிய மேடு அது. நகரம் எழும்பிக்கொண்டிருந்த 1970களின் இறுதியில் அகழாய்வு செய்து, பிறகு மேட்டை மறுபடி குவித்து வைத்தார்கள். முதல்முறை பார்ப்பவருக்குத் தோட்ட அலங்காரம் என்றுதான் தோன்றும். ஏறி நின்றால் ஏன் இந்த இடம் என்று புரியும். சுற்றுவட்டாரத்தில் உயர்ந்த தரை அதுதான். புது நகரத்தின் மையத்துக்கென்று திட்டக்காரர்கள் தேர்ந்த அதே மேட்டுநிலத்தை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுற்றுக் கிராமத்தார் தங்கள் கூட்டத்துக்குத் தேர்ந்திருந்தார்கள்.

இதனால்தான் ஹண்ட்ரடை வரைபடக் கோடுகளாக முதலில் நினைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது முதலில் ஒரு கூட்டம். இன்ன மேட்டில் வந்து நிற்க வேண்டியவர்கள் யார் யாரோ, அவர்கள் வாழும் நிலம் அந்த ஹண்ட்ரட். எல்லைக்கோடு அதற்குப் பின்னால் வந்தது.

யாரெல்லாம் போக வேண்டும்? ஊரே கிளம்பிப் போய்விட்டால் வயல் வேலையை யார் பார்ப்பது?

தொடக்கத்தில் சுதந்திரமான ஆண்கள் எல்லோரும் என்பது விதி. நடைமுறையில் அது சீக்கிரமே ஆட்களைப் பிரதிநிதிகளாக அனுப்பும் முறையாக மாறியது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கச் சட்டத் தொகுப்பு ஒன்று, நிலப்பிரபுவோ அவருடைய மேலாளரோ வர முடியாவிட்டால் கிராமத்தின் பாதிரியார், ஊர்க் காரியம் பார்க்கும் ரீவ், ஊரின் நல்ல மனிதர்கள் நால்வர் ஆகியோர் வரட்டும் என்கிறது. பிறகு இந்தக் கடமை குறிப்பிட்ட நிலங்களோடு ஒட்டிக்கொண்டது. இன்ன நிலத்தை வைத்திருப்பவன் ஹண்ட்ரடுக்குப் போயாக வேண்டும் என்றானது.

வேலை கெடும் என்ற உங்கள் கவலை அவர்களுக்கும் இருந்தது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கூட்டம் வைத்துத் தொல்லை செய்கிறார்கள் என்ற முறையீடுகள் எழுந்து, 1234ஆம் ஆண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறைதான் என்று வரையறுத்தார்கள். வருடத்தில் இரண்டு முறை, ஈஸ்டருக்குப் பிறகும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளுக்குப் பிறகும், ஷெரிஃப் நேரில் வரும் பெரிய கூட்டம் உண்டு. அதற்குத்தான் கூட்டம் கூடும்.

பத்துப் பத்துப் பேராகப் பிரித்து வைத்தார்கள் என்று படித்தேன். அது என்ன ஏற்பாடு?

'டைத்திங்' என்ற ஏற்பாடு. பன்னிரண்டு வயதான ஒவ்வொரு ஆணும் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். குழுவில் ஒருவன் குற்றம் செய்தால் மற்றவர்கள் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் அபராதம் எல்லோருக்கும். மைக்கேல் திருநாளை ஒட்டிய பெரிய கூட்டத்தில் ஷெரிஃப் இந்தக் குழுக்கள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பார். சில வட்டாரங்களில் குழு என்பது மாறி ஒரு கிராமமே ஒரு டைத்திங் ஆனது. வடக்கு எல்லை மாவட்டங்களில் இந்த முறை வேர்விடவில்லை.

பெண்கள் டைத்திங்கில் கிடையாது. இதில் ஒரு நுட்பமான விளைவு உண்டு. சட்டத்துக்குள் வருவதாக உறுதிமொழி எடுத்தவனைத்தான் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிக்க முடியும். உறுதிமொழியே எடுக்காத பெண்ணை அப்படி அறிவிக்க இயலாது. அதனால் தப்பி ஓடிய பெண்ணுக்கு 'கைவிடப்பட்டவள்' என்று வேறொரு சொல் வைத்தார்கள். சொல் வேறு, பாதுகாப்பு பறிபோவது ஒன்றுதான்.

நார்மன்கள் 1066இல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களே, ஹண்ட்ரட் எப்படித் தப்பியது?

பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த அவர்களுக்கு அது தேவைப்பட்டது. 1086இல் வில்லியம் நடத்திய டூம்ஸ்டே கணக்கெடுப்பை ஹண்ட்ரட் இல்லாமல் நடத்தியிருக்கவே முடியாது. அரசரின் ஆணையர்கள் ஒவ்வொரு ஹண்ட்ரடிலிருந்தும் நடுவர்களை நிறுத்திச் சத்தியம் வாங்கிக் கேட்டார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் அந்த நடுவர்களின் பெயர்ப்பட்டியல் இன்றும் இருக்கிறது. ஹண்ட்ரடுக்கு எட்டுப் பேர்; நால்வர் பிரெஞ்சுக்காரர், நால்வர் ஆங்கிலேயர். இந்தப் பண்ணையின் பெயர் என்ன, நார்மன்களுக்கு முன் ஆண்ட எட்வர்ட் அரசர் காலத்தில் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஹைடு, எத்தனை ஏர், எத்தனை குடியானவர், எத்தனை அடிமைகள், எவ்வளவு காடு, எத்தனை ஆலைகள், எத்தனை மீன்பிடி இடங்கள் என்று கேள்விகள் நீளும். வென்றவனும் தோற்றவனும் அருகருகே நின்று ஒரே கேள்விக்குப் பதில் சொன்ன அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நார்மன்கள் வென்ற ஹேஸ்டிங்ஸ் போர் முடிந்து இருபது வருடங்கள்தான் ஆகியிருந்தன.

புதிதாக ஒரு சுமையும் வந்தது. ஒரு நார்மன் கொல்லப்பட்டு, கொன்றவன் அகப்படாவிட்டால் அந்த ஹண்ட்ரட் முழுவதும் அபராதம் கட்ட வேண்டும். இறந்தவர் ஆங்கிலேயர் என்று உறவினர்கள் நிரூபிக்காவிட்டால் அவர் நார்மன் என்றே கொள்வார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் இரு சாராரும் திருமண உறவால் கலந்துவிட்டதால் யார் எந்த இனம் என்று சொல்வதே கடினம் என்று 1170களில் அரசக் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதியிருக்கிறார். அபராதமோ 1340 வரை நீடித்தது. அர்த்தம் போன பிறகும் வருமானம் இருந்தது.

ஜூரி முறை ஹண்ட்ரடிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

ஒரு பகுதி உண்மை. 1166இல் இரண்டாம் ஹென்றி கிளாரெண்டனில் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு ஹண்ட்ரடிலிருந்தும் பன்னிரண்டு பேரும், ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் நால்வரும், தங்கள் வட்டாரத்தில் கொள்ளையன், கொலைகாரன், திருடன் என்று பேர் எடுத்தவர்கள் யார் என்பதைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். குற்றம் சாட்டும் பெரிய ஜூரிக்கு இதுதான் முன்னோடி. ஆனால் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை அந்தப் பன்னிரண்டு பேருடையது அல்ல. அதற்குத் தண்ணீர்ச் சோதனை இருந்தது. கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. 1215இல் திருச்சபை பாதிரியார்கள் இதில் பங்கெடுக்கக் கூடாது என்று தடுத்த பிறகுதான், தீர்ப்பையும் அயலார் வாயால் கேட்கும் வழக்கம் வளர்ந்தது.

வில், மேனர், பாரிஷ்: மூன்றும் கிராமம்தானே? ஏன் மூன்று பெயர்?

அதிகம் குழப்புவது இதுதான். வில் என்பது மக்கள் வாழும் ஊரும் அதன் வயல்களும். வரி கட்டுவதும், மேலே சொன்ன நால்வரை அனுப்புவதும், திருடனைத் துரத்துவதும் வில்லின் பொறுப்பு. மேனர் என்பது ஒரு பிரபுவின் சொத்து. அவருக்கு வாடகையும் உழைப்பும் கொடுப்பவர்களின் தொகுதி. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பரப்பு. அங்கே ஞானஸ்நானம், அங்கே அடக்கம், அங்கே பத்தில் ஒரு பங்கு விளைச்சல்.

மூன்றும் ஒரே எல்லைக்குள் பொருந்திய கிராமங்கள் உண்டு. பொருந்தாதவையும் ஏராளம். ஒரே வில்லில் மூன்று மேனர்கள் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெவ்வேறு பிரபுவுக்கு வேலை செய்வார்கள், ஆனால் ஒரே வயலில் அடுத்தடுத்த பட்டையை உழுவார்கள். ஹண்ட்ரட் கணக்கு வைத்துக்கொண்டது வில்லோடு. ஸ்காட்லாந்துப் படையெடுப்புக்கு ஆள் திரட்ட 1316இல் எடுத்த பட்டியலும், ஹண்ட்ரட் வாரியாக வில்களையும் அவற்றின் பிரபுக்களையும் எழுதியதுதான். வில் ஒன்றுக்கு ஒரு காலாள் வீரன்.

யார்க்‌ஷயரில் தேடினால் ஹண்ட்ரட் கிடைப்பதில்லை. வாப்பன்டேக் என்று வருகிறது. இரண்டும் ஒன்றா?

வேலை ஒன்று, பெயர் வேறு. டேனியர்கள் குடியேறிய யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர், நாட்டிங்காம்ஷயர் போன்ற பகுதிகளில் பழைய நார்ஸ் மொழிச் சொல் நிலைத்தது. 'ஆயுதம் பற்றுதல்' என்று பொருள். கூட்டத்தில் சம்மதத்தைக் காட்ட ஆயுதங்களைத் தூக்கியதைக் குறிக்கும் என்பது வழக்கமான விளக்கம். அங்கே ஹைடுக்குப் பதில் 'கேரக்கேட்' என்ற அலகு. ஸ்காட்லாந்து எல்லையோர மாவட்டங்களில் 'வார்டு' என்பார்கள். கென்ட்டில் பல ஹண்ட்ரட்களைச் சேர்த்து 'லேத்', சஸ்ஸெக்ஸில் 'ரேப்' என்று கூடுதலாக ஓர் அடுக்கு.

யார்க்‌ஷயரின் மூன்று பெரும் பிரிவுகளான 'ரைடிங்'களுக்கும் குதிரைச் சவாரிக்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று பொருள்படும் 'த்ரைடிங்' அது. நார்த், ஈஸ்ட், வெஸ்ட் என்ற திசைப்பெயர்களின் இறுதி ஒலியோடு சேர்ந்து முதல் ஒலி விழுந்துவிட்டது. புணர்ச்சி விதி படித்த நமக்கு இது உடனே பிடிபடும்.

ஹண்ட்ரட் அரசாங்க அமைப்பு என்கிறீர்கள். பிறகு எப்படி அது ஒரு மடாலயத்துக்கோ பிரபுவுக்கோ 'சொந்தம்' ஆகிறது?

கொடுத்தார்கள், விற்றார்கள், சில சமயம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஹண்ட்ரடை வைத்திருப்பது என்றால் அதன் நிலம் முழுவதையும் வைத்திருப்பது என்று பொருளல்ல. கூட்டத்தை நடத்தும் உரிமையும், அதில் விழும் அபராதப் பணமும்தான் சொத்து. எட்வர்ட் கன்ஃபெஸர் அரசர் சஃபக்கின் மேற்குப் பகுதியில் எட்டரை ஹண்ட்ரட்களை பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்துக்குக் கொடுத்தார். அந்த எல்லை அப்படியே உறைந்து, 1889இல் மேற்கு சஃபக் தனி நிர்வாக மாவட்டமாகவே ஆனது.

உஸ்டர் ஆயரின் ஆஸ்வால்ட்ஸ்லோ இன்னும் வலுவானது. 300 ஹைடு, மூன்று ஹண்ட்ரட்களுக்குச் சமம். அங்கே எந்த ஷெரிஃபுக்கும் எந்த உரிமையும் இல்லை என்று டூம்ஸ்டேயிலேயே பதிவாகியிருக்கிறது. இதற்கு ஆதாரமாக 964ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு சாசனத்தைக் காட்டினார்கள். அது பிற்காலத்தில் புனையப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. 1316 பட்டியலின்படி பெயர் குறித்த 628 ஹண்ட்ரட்களில் 388 அரசர் கையில் இல்லை.

ஹண்ட்ரட் ரோல்ஸ் என்பது இந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பா?

பெயர் அப்படி நினைக்க வைக்கும். ஆனால் இது ஒரு விசாரணையின் பதிவு. முதலாம் எட்வர்ட் சிலுவைப்போரிலிருந்து 1274 ஆகஸ்டில் திரும்பி முடிசூடினார். முந்தைய பதிலில் சொன்னபடி அரச உரிமைகள் கை நழுவிக்கொண்டிருந்தன. அதிகாரிகளின் அட்டூழியமும் பெருகியிருந்தது. உடனே ஆணையர்களை அனுப்பி, ஒவ்வொரு ஹண்ட்ரடின் நடுவர்களையும் கேட்கச் சொன்னார்: இந்த ஹண்ட்ரட் யார் கையில்? எந்த உரிமையில்? எந்த ஷெரிஃப் லஞ்சம் வாங்கினான்? யாரை அநியாயமாகச் சிறையில் அடைத்தான்?

கிராமத்தார் பேசினார்கள். இடைக்காலத்தில் சாதாரண மனிதனின் குறை, அதிகாரியின் பெயரோடு சேர்ந்து எழுத்தில் ஏறிய அரிய தருணங்களில் இது ஒன்று. அதனால்தான் போர்களையும் பட்டாபிஷேகங்களையும்விட இந்தச் சுருள்களை நான் பெரிதாக மதிக்கிறேன். 1279இல் தொடங்கிய இரண்டாம் விசாரணை வேறு வகை. யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார், என்ன வாடகை, வாரத்துக்கு எத்தனை நாள் பிரபுவின் வயலில் உழைக்கிறார் என்று ஆள் ஆளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜ்ஷயர், ஹண்டிங்டன்ஷயர், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் போன்ற சில மாவட்டங்களுக்கே அது நன்றாக மிஞ்சியிருக்கிறது.

வழியில் கொள்ளை நடந்தால் ஊரார் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமாமே? செய்யாத குற்றத்துக்கா?

ஆமாம். டைத்திங்கில் இருந்த அதே கூட்டுப் பொறுப்பு பெரிய அளவில். 1285இல் எட்வர்ட் வெளியிட்ட வின்செஸ்டர் சட்டம், கொள்ளையனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த ஹண்ட்ரட் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்றது. சந்தை ஊர்களுக்கு இடையே போகும் பெருவழியின் இருபுறமும் 200 அடிக்குப் புதரும் பள்ளமும் இல்லாமல் சுத்தம் செய்யச் சொன்னது. ஒளிந்திருக்க இடம் கொடுக்காதே என்பதுதான் நோக்கம். ஹண்ட்ரடுக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள் நியமித்து, ஒவ்வொருவனும் தன் வசதிக்கேற்ற ஆயுதம் வைத்திருக்கிறானா என்று வருடத்துக்கு இருமுறை பார்க்கச் சொன்னது.

அநியாயமாகத் தோன்றும். ஆனால் காவல்துறை என்ற ஒன்றே இல்லாத நாட்டில், கூக்குரல் கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்ளாமல் ஓடிவர வைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி இதுவே. கலவரச் சேதத்துக்கு ஹண்ட்ரட் ஈடு கொடுக்கும் வழக்கம் 1886 வரை இருந்தது. அந்த வருடச் சட்டம்தான் அதைக் காவல்துறை நிதிக்கு மாற்றியது.

என் பட்டியலில் ஒரு ஹண்ட்ரடின் கிராமங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. தவறான வரைபடமா?

வரைபடம் சரியாகத்தான் இருக்கும். கூட்டம் முதலில், கோடு பிறகு என்று மேலே சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பிரபுவின் ஆட்கள் எங்கே வாழ்ந்தாலும் அவருடைய ஹண்ட்ரடுக்கே போவார்கள் என்றால், அந்தக் கிராமம் தீவு போல வேறு ஹண்ட்ரடுக்கு நடுவே கிடக்கும். ஆஸ்வால்ட்ஸ்லோ இதற்கு நல்ல சான்று. ஆயரின் நிலங்களான பிளாக்லி, ட்ரெடிங்டன், ஷிப்ஸ்டன் ஆகியவை பக்கத்து மாவட்டங்களால் சூழப்பட்டிருந்தும் உஸ்டர்ஷயரின் துண்டுகளாகவே 1931 வரை எண்ணப்பட்டன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆயரின் சொத்துக்கணக்கு, இருபதாம் நூற்றாண்டு வரைபடத்தில்.

பெயர்களும் மாறும். பக்கிங்காம்ஷயரில் டூம்ஸ்டே காலத்தில் 18 ஹண்ட்ரட்கள். பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்தார்கள். மேலே பார்த்த செக்லோவும், பன்ஸ்டி, மௌல்ஸோ என்ற வேறு இரண்டும் சேர்ந்து நியூபோர்ட் ஹண்ட்ரட் ஆகிவிட்டன. ஆகவே ஒரு கிராமத்தைத் தேடும்போது எந்த நூற்றாண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணத்தில் இருக்கும் கிராமம் இன்று எங்கேயும் இல்லை. கொள்ளைநோயில் அழிந்துவிட்டதா?

எல்லோரும் முதலில் 1348-49 கொள்ளைநோயைத்தான் நினைக்கிறார்கள். ஒரே அடியில் அப்படி அழிந்த ஊர்கள் மிகக் குறைவு. நோய் ஆட்களைக் குறைத்தது. ஆள் குறைந்ததால் கூலி ஏறியது, தானிய விலை இறங்கியது. பிறகு வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உழவைவிட ஆட்டு ரோமம் லாபம் என்று கண்ட பிரபுக்கள் மிச்சமிருந்த குடும்பங்களையும் கிளப்பிவிட்டு வயல்களை மேய்ச்சல் நிலமாக்கினார்கள்.

யார்க்‌ஷயரின் பக்ரோஸ் வாப்பன்டேக்கில் இருந்த வாரம் பெர்சி என்ற ஊர் இதற்குப் பெயர்போன உதாரணம். மாரிஸ் பெரஸ்ஃபர்ட், ஜான் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே தோண்டினார்கள். நோய்க்குப் பின்பும் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்த ஊர் அது. 1500ஐ ஒட்டித்தான் காலியானது. இன்று கூரையில்லாத தேவாலயம் ஒன்று நிற்கிறது. புல்வெளியில் செவ்வகச் செவ்வகமாக மேடுகள் தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போது வீட்டு வாசல் எங்கே, தெரு எங்கே என்று விரலால் சுட்டிக்காட்டலாம்.

கடைசியில் ஹண்ட்ரடை எப்போது ஒழித்தார்கள்?

ஒழிப்புச் சட்டம் என்று ஒன்று வரவே இல்லை. வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 14ஆம் நூற்றாண்டில் வந்த அமைதி நீதிபதிகள் குற்ற வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். 1601 ஏழைகள் சட்டம் பாரிஷை முக்கிய அலகாக்கியது. 1801இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் சில முறை ஹண்ட்ரட் வாரியாகவே அச்சானது. 1867இல் ஹண்ட்ரட் நீதிமன்றங்களின் எஞ்சிய அதிகாரமும் போனது. 1894இல் புதிய மாவட்டப் பிரிவுகள் வந்தன.

பெயர்கள் மட்டும் பிடிவாதமாக இருக்கின்றன. ஸ்பெல்தார்ன், டெண்ட்ரிங், டேகோரம், பாசெட்லா, பிராக்ஸ்டோ என்று இன்றைய உள்ளாட்சி மன்றங்கள் பல அந்தப் பழைய பெயர்களையே தாங்கியிருக்கின்றன. கடல் கடந்து அமெரிக்காவின் டெலவேரிலும், தெற்கு ஆஸ்திரேலியாவின் நிலப் பதிவேடுகளிலும் ஹண்ட்ரட் இருக்கிறது.

பிரிட்டிஷ் எம்.பி. ஒருவர் பதவி விலகும்போது 'சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' என்று செய்தியில் வருகிறதே, அதுவும் இதுதானா?

அதேதான். பக்கிங்காம்ஷயரின் தெற்கே சில்டர்ன் குன்றுகளை ஒட்டிய ஸ்டோக், டெஸ்பரோ, பர்ன்ஹாம் என்ற மூன்று ஹண்ட்ரட்கள். ஸ்டோக்கில் ஈட்டன், டேட்செட், டென்ஹாம். பர்ன்ஹாமில் அமர்ஷாம், பீக்கன்ஸ்ஃபீல்டு, செஷாம். டெஸ்பரோவில் ஹாம்பிள்டன், டர்வில், ஹை விக்கம். அரசர் கையிலேயே இருந்ததால் இவற்றுக்கு அரசரே ஒரு மேலாளரை நியமிப்பார்.

நாடாளுமன்ற உறுப்பினர் தானாக விலக முடியாது என்று 1624இல் மக்களவை தீர்மானித்தது. ஆனால் அரசரின் ஊதியப் பதவி ஒன்றை ஏற்றால் உறுப்பினர் இடம் தானே காலியாகும். 1751இல் ஜான் பிட் என்ற உறுப்பினர் இந்த மேலாளர் பதவியை அதற்குப் பயன்படுத்திக்கொண்டார். அன்று முதல் இன்று வரை, நார்த்ஸ்டெட் மேனரின் மேலாளர் பதவியோடு மாறி மாறி, அதுவே வழி. நிதியமைச்சர் நியமன ஆணையில் கையெழுத்திடுகிறார். செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. அடுத்தவருக்குக் கொடுக்கும் வரை அந்தப் பதவி அவரிடம் இருக்கும்.